வன்னிக்காய் மூட்டை

ராயபுரம் ஸ்டேஷன். ரேஷன் காலத்தில் மூட்டையைப் பார்த்தாலே கடத்தல் அரிசி என்றுதான் தோன்றுகிறது. மூக்கைத் துண்டால் மூடி உட்கார்ந்திருக்கும் மார்வாடியின் கோணிப்பையை நானும் கருவாட்டுக் கூடைக்காரியும் முறைக்கிறோம். அவரே அவிழ்த்துக் காட்டுகிறார். உள்ளே பழுப்பு நிறத்தில், சுள்ளி போல் காய்ந்த காய்கள்.

"எங்க பாலைவனத்து வன்னிக்காய். மழை பொய்ச்ச வருஷம் மோர்ல வேகவச்சு இதைத்தான் சாப்பிடுவோம். உடம்புக்கு நல்ல பலம். இலை ஒட்டகத்துக்கு."

"மழையே இல்லாம மரம் மட்டும் எப்டி காய்க்கும்?" என்கிறாள் கூடைக்காரி. "மொதல்ல நீ துன்னு, சேட்டு."

அவர் ஒன்றை மென்று விழுங்குகிறார். தொண்டையில் இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு அவளும் ஒன்றைக் கடிக்கிறாள்.

"கருவாட்டுக் கொயம்புல போட்டா சோக்கா இருக்கும். ரெண்டு கை குடு."

சேட்டு மறுபடி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டி, மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறார்.