இரவல் மூக்கு

பீப்பாய்க்காரருக்கு நல்ல எடுப்பான மூக்கு. கண்ணாடியைத் தாங்கிக்கொள்வதைத் தவிர அதனால் வேறு பிரயோசனம் எதுவும் இல்லை என்பது அவர் மனைவி ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

மீன் சந்தையில் வெட்டிக் கழித்த தலையையும் குடலையும் வாங்கி வந்து, அரைத்து, ஆசிட் கலந்து, நீலப் பீப்பாய்களில் ஊறவைப்பது அவர் தொழில். சில நாளில் அது கூழாகிவிடும். தவிடும் மக்காச்சோள மாவும் சேர்த்துப் பிசைந்து தார்ப்பாயில் காயவைத்தால் பிராய்லர் கோழிக்குத் தீவனம். கடை மீன்தூள் கட்டுப்படியாகாத கோழிக்காரர்கள் எல்லாம் இவரைத்தான் தேடி வந்தார்கள். வருஷக்கணக்காக அந்த ஆவியிலேயே நின்றதில் மூக்கு செத்துப்போனது. அவருக்குச் சோப்பும் சாக்கடையும் ஒன்றுதான்.

கூழ் சரியாக ஊறினால் புளித்த வாடை வரும். எங்காவது ஆசிட் எட்டாமல் விட்டுப்போனால் அழுகல் வாடை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். பழகின மூக்குதான் பிரித்துச் சொல்லும். காலையில் மனைவி நீளக் கரண்டியைப் பீப்பாயின் அடிவரை விட்டு, கொஞ்சம் அள்ளி, முகத்தருகே கொண்டுபோவாள். "ம், போகட்டும்" என்றால் அது தீவனம். "இதைப் புதைச்சிடுங்க" என்றால் நேரே குழிக்குப் போகும். வாங்க வந்தவர்கள் முன்னால் இவரும் குனிந்து, பெரிய நிபுணர் மாதிரி மோந்து பார்த்துத் தலையாட்டுவார்.

"என்னங்க, எப்படி இருக்கு?" என்று அவள் வேண்டுமென்றே கேட்பாள்.

"உனக்கு எப்படியோ, எனக்கும் அப்படித்தான்" என்பார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவாள்.

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்று தினமும் அழுதுகொண்டு வந்தவள். மகளை அணைத்துக்கொள்வதற்கென்றே தாய் ஒரு பச்சைச் சால்வை வைத்திருந்தாள். தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பாள். இரண்டு தடவை தேய்த்துக் குளித்த பிறகுதான் அதைத் தொடுவாள். அந்த வீட்டில் மீன் வாடை ஏறாத ஒரே பொருள் அதுதான்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து தாய் போய்ச் சேர்ந்தாள். கடைசியாக அவர் கையைப் பிடித்து, "நம்ம பொண்ணை மட்டும் பீப்பாய்ப் பக்கம் விட்டுடாதீங்க. சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினார்.

எல்லாம் முடிந்து வீடு காலியான அன்று, மகள் பெட்டியைத் திறந்து சால்வையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா வாசம் அப்படியே இருக்குப்பா."

அவரிடம் நீட்டினாள். அவரும் முகத்தைப் புதைத்தார். நூலின் சொரசொரப்பு தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. "ஆமாம்மா" என்றார்.

"நீங்களே வெச்சுக்கோங்க. உங்களுக்குத்தான் துணை வேணும்" என்றாள் மகள்.

துணை என்றால் துணை. மனுஷன் அதைக் கொண்டுபோய்ப் பீப்பாய்க் கொட்டகையின் ஆணியில் மாட்டி, அதனிடம் பேசிக்கொண்டே வேலை பார்க்க ஆரம்பித்தார்.

மூக்குப் போன கதையை யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. ஆசிட் பார்க்கும் காகிதச் சீட்டை நம்பினார். அதைக் கூழின் மேலாக நனைத்துச் சிவந்தால் சரி என்று வைத்துக்கொண்டார். இதற்கிடையில், மருமகன் வேலை பார்த்த ஆலை மூடிவிட்டது. மகள் அறுநூறு குஞ்சு வாங்கிக் கோழி வளர்க்க இறங்கினாள். அந்தக் குடும்பம் முழுக்க அந்த அறுநூறை நம்பித்தான் இருந்தது.

"தீவனம் உங்ககிட்டதான்பா. உங்களை விட்டா நான் யாரை நம்புவேன்" என்றாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறந்திருந்தால் மறுநாள் காலையில் அவளே கரண்டியோடு வந்து நின்றிருப்பாள். செத்தவளுக்குச் செய்த சத்தியம் தடுத்தது. கொஞ்சம் வறட்டுக் கௌரவமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த வாரம் சந்தையில் மீன் தலைகள் ஐஸில் உறைந்து கட்டி கட்டியாகக் கிடைத்தன. முன்பெல்லாம் மனைவி பிடித்துக்கொள்ள, இவர் சம்மட்டியால் உடைப்பார். இப்போது பிடிக்க ஆள் இல்லை. முதுகு வேறு வலித்தது. கடைசி நாலு கட்டிகளை, ஊறினால் கரைந்துவிடும் என்று அப்படியே பீப்பாயில் போட்டு மூடினார். காகிதம் மேலே அழகாகச் சிவந்தது.

தீவனம் போன மூன்றாம் நாள் மகளின் கொட்டகையில் கோழிகள் கழுத்துத் துவண்டு விழுந்தன. தலையைத் தூக்க முடியாமல் கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டு கிடந்தன. ஐந்தாம் நாள் புதைக்கிற வேலைதான் மிச்சம். கோழி டாக்டர் தீவன மூட்டையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "கெட்டுப்போன மீன்" என்றார்.

மகள் மண்ணும் இறகும் ஒட்டிய கையோடு அப்பாவின் கொட்டகைக்கு வந்தாள். தீவனத்துக்கு எடுத்த பீப்பாயைத் திறந்து, கரண்டியை அடிவரை விட்டு மிச்சத்தை அள்ளினாள். குமட்டிக்கொண்டு வந்து, வாயைப் பொத்தியபடி சுவரோரம் ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது அப்பா பீப்பாய்க்கு மேல் குனிந்து, முகம் சுளிக்காமல் நின்றிருந்தார்.

"அப்பா, உங்களுக்கு வாடை தெரியலையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை வருஷமா?"

"நீ பள்ளிக்கூடம் போறப்பவே போயிடுச்சு. அம்மாதான் பார்த்துச் சொல்லுவா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே."

"அதனாலதாம்மா சொல்லல. நீ இதுக்குள்ள மூக்கை வைக்கக் கூடாதுன்னு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிட்டேன்."

திட்டத்தான் வந்திருந்தாள். அழுகைதான் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்போ, அந்தச் சால்வை?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. நீ இருக்குன்னு சொன்னே, இருக்குன்னு நம்பிட்டேன்."

அவர் ஆணியிலிருந்து சால்வையை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் கொண்டுவந்தார்.

"இன்னொரு தடவை பார்த்துச் சொல்லும்மா. அம்மா இருக்காளா?"

அவள் வாங்கி முகத்தில் வைத்தாள். ஏழு மாதம் பீப்பாய்களுக்கு நடுவே தொங்கிய சால்வை. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் எல்லோரையும் தள்ளி உட்கார வைத்த அந்த வாடைதான் அடித்தது. எங்கே மாற்றிப் பிடித்தாலும், எந்த மடிப்பைப் பிரித்தாலும் அதேதான்.

"இருக்காப்பா" என்றாள். "அப்படியே இருக்கா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சால்வையைப் பத்திரமாக வாங்கி, மறுபடியும் அதே ஆணியில் மாட்டினார்.