சரவணகுமாருக்குச் சந்திரம்மாள் வைத்த ஒப்பாரி

சந்திரம்மாள் எதையும் மறக்கிறவள் இல்லை. கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் வடை வைக்காமல் போன நாத்தனாரின் தெருவில் இன்றுவரை கால் வைத்ததில்லை. பால் வாங்கக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அப்படிப்பட்டவளிடம் போய் வாலாட்டினான் சரவணகுமார்.

அடி அண்ணாமலையில் சாவு விழுந்தால் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் மோர் விற்பாள், மற்ற நாளில் களையெடுப்பாள், ஆனால் ஊருக்கு அவள் ஒப்பாரிக்காரி. சாவு வீட்டுக்குப் போனதும் விசாரிப்பாள்: பேர் என்ன, பெற்றவள் யார், எதை ஆசையாகத் தின்பார், எதற்குப் பயப்படுவார். பேர் சொல்லாமல் ஒப்பாரி கிடையாது. அவள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால், வரப்புத் தகராறில் பேச்சை விட்ட பங்காளியும் வந்து விழுந்து அழுவான்.

போன வருடம் அவள் புருஷன் சுப்பன் போனபோது யாரையும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டு வாசலில் அவன் அடிக்கிற சைக்கிள் மணியைப் பாடினாள். குறைமாதத்தில் பிறந்து அன்றைக்கே போய்விட்ட பெண் குழந்தையை, அவர்கள் இருவர் மட்டும் கூப்பிட்ட பேரைச் சொல்லிப் பாடினாள். அது செத்தவனுக்குச் சொன்னது. கூட உட்கார்ந்து அழுத பெண்கள் கேட்டதை அங்கேயே விட்டுவிட்டுத் தலைமுழுகிப் போனார்கள், அதுதான் வழக்கம்.

ஊர் ஊராகப் பாட்டுத் தேடி அலைந்து, அங்கேயும் மாலையோடு வந்து நின்ற சரவணகுமார் விட்டுவிட்டுப் போகவில்லை. சட்டைப்பையிலிருந்த போனில் எடுத்துக்கொண்டு போனான். ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் காபிக் கடை வைத்திருப்பவன் அவன். சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே பல தேசத்துப் பாட்டு நடக்கும். ஈரான்காரர் டஃப் என்கிற வட்ட மேளம் அடிப்பார். மாலி நாட்டுக்காரர் பெரிய சுரைக்குடுக்கையில் நரம்பு கட்டி மீட்டுவார். மங்கோலியாக்காரர் ஒரே தொண்டையில் இரண்டு குரல் எடுப்பார். அந்த வரிசையில் சுப்பனின் ஒப்பாரியும் டிரம்ஸ் அடியோடு சேர்ந்துகொண்டது.

அங்கே சமையல் பார்க்கிற ஜீனத் வந்து சொன்னாள். "அக்கா, உன் பாட்டைப் போட்டுக்கினு ஆடுறாங்க. நெட்டுலயும் போட்டுட்டாரு."

சந்திரம்மாள் நேரில் போய்ப் பார்த்தாள். குழந்தையின் பேர் வருகிற இடத்தில் எல்லாரும் கையைத் தூக்கிக் குதித்தார்கள். அவள் நேராகச் சரவணகுமாரிடம் போனாள்.

"அதை எடுத்துடுங்க சார். அது எங்க வூட்டுச் சாவு."

"பாட்டு எல்லாருக்கும் பொதும்மா. உன்னுது என்னுதுன்னு எதுவும் கிடையாது," என்றான் அவன், ரொம்பப் பெருந்தன்மையாக. "நீங்களே ஒருநாள் வந்து மேடையில பாடுங்களேன்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பாடுறேன். ஆனா பேரு வேணும் சார். யாரு பேருல பாட?"

"என் பேருலயே பாடுங்க. உயிரோட இருக்கிறவனுக்குப் பாடினா ஆகாதுங்கிற நம்பிக்கை எல்லாம் எனக்குக் கிடையாது."

பெற்றவள் யார் என்று கேட்டாள். வேலூரில் இருக்கும் பச்சையம்மாள் என்றான். பிடித்தது அம்மா வைக்கிற மொச்சைக் குழம்பு, சின்ன வயதில் பயந்தது இருட்டுக்கு. கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான், மடையன்.

"அம்மாவையும் கூட்டிக்கினு வாங்க சார்," என்றாள் சந்திரம்மாள்.

அந்தச் சனிக்கிழமை பச்சையம்மாள் பட்டுச்சேலையில் முன்வரிசையில் இருந்தாள். சரவணகுமார் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவு செய்யத் தயாராக நின்றான். கூட்டம் முழுக்கப் போன்கள் உயர்ந்தன. சந்திரம்மாள் தரையில் உட்கார்ந்து முடியை அவிழ்த்தாள்.

"ஊரூராப் பாட்டெடுத்த என் சரவணகுமாரே
உன் காதுல பஞ்சு வச்சது யாரு கண்ணு
மொச்சைக் குழம்பு ஆறுதே என் ராசா
பெத்தவ நானிருக்க முந்திக்கினு போனியே
இருட்டுக்குப் பயந்த புள்ள
மண்ணுக்குள்ள எப்படிடா தூங்குவே"

வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி அசைந்தார்கள். வயலின் வாசிக்கிற அயர்லாந்துக் கிழவி நோரா மட்டும் அசைவதை நிறுத்தினாள். அவள் ஊரிலும் ஒரு காலத்தில் பெண்கள் பிணத்தருகே உட்கார்ந்து பாடி அழுதவர்கள்தான். செத்தது யார் என்று ஜீனத்திடம் இங்கிலீஷில் கேட்டாள். ஜீனத் கையிலிருந்த கரண்டியால் சரவணகுமாரைக் காட்டினாள். நோரா தன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பச்சையம்மாள் மேடைக்கு ஓடி வந்து சந்திரம்மாளின் கையைப் பிடித்தாள். "வேணாம் தாயி, ஒரே புள்ள. நிறுத்திடு." அவளைப் பார்க்கச் சந்திரம்மாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக மகனை விட மனசு வரவில்லை. பாடை தூக்குகிற அடிவரை பாடித்தான் முடித்தாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

நம்பிக்கை இல்லாதவன் வெளுத்துப் போயிருந்தான். அம்மா விட்ட அறை கன்னத்தில் சிவந்திருந்தது. ஒவ்வொரு மேஜையாகப் போய், அழித்துவிடுங்கள், தயவுசெய்து எங்கும் போடாதீர்கள் என்று கும்பிட்டான். தலையில் குடுமி போட்ட ஒரு பையன் ஏற்கெனவே போட்டுவிட்டேன் என்றான். பாட்டு எல்லாருக்கும் பொது என்று நீதானே சொன்னாய் என்று வெகுளியாகக் கேட்டான்.

சரவணகுமார் சந்திரம்மாளிடம் வந்து, அவள் கண்ணெதிரே சுப்பனின் ஒப்பாரியை அழித்தான். நெட்டிலிருந்தும் எடுத்துவிட்டதை ஜீனத் போனை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அம்மா, என்னோடதை எடுக்கச் சொல்லி இவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சந்திரம்மாள் முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "நான் எப்படி சார் சொல்றது? அது எல்லாருக்கும் பொதுவாச்சே."

ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தாள். உள்ளே போகவில்லை. வாசலிலேயே தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் அப்படித்தான் செய்வாள்.