எதிர்பாராமல் விழ வேண்டிய சுவர்

கட்டிலில் இருந்து கொல்லைக் கோடியில் இருக்கும் கக்கூஸுக்கு நாற்பத்திரண்டு தப்படி. எண்ணிச் சொன்னவர் சின்னம்மாள். மூட்டுத் தேய்ந்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் சுத்தமாக வரும்.

அவர் கணவர் பச்சியப்பன் மொரப்பூர் ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று கரும்பலகையில் எழுதுவார். எழுதி முடிப்பதற்குள் இன்னும் பத்து நிமிடம் கூடியிருக்கும். அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். இதையே முப்பத்தொரு வருஷம் செய்தால், சூரியன் சொன்ன நேரத்துக்கு உதிப்பதில்கூட மனிதனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும்.

ஓய்வு பெற்றதும் எட்டு லட்சத்தை வீட்டுக்கென்று ஒதுக்கினார். அவருடைய தாத்தா கட்டிய ஓட்டு வீடு. வயது எண்பத்தைந்து. இரண்டடி கனத்தில் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர்கள். மழை வந்தால் கூடத்தில் குடை பிடிக்கலாம்.

"ஏங்க, மத்ததெல்லாம் எப்படியோ போவட்டும். படுக்கற ரூமுக்குப் பின்னால ஒரு பாத்ரூம் கட்டி, இந்தச் சொவுத்துல ஒரு வாசல் வெச்சுட்டா நாலே தப்படி" என்றார் சின்னம்மாள்.

"பட்ஜெட்டுல பாக்கலாம்."

ஏலத்தில் எடுத்து வந்த அந்தப் பழைய கரும்பலகையில்தான் பட்ஜெட் எழுதப்பட்டது. ஓடு இரண்டரை லட்சம், தரை ஒன்றேமுக்கால், வயரிங் ஒன்று, பூச்சு ஒன்று, பாத்ரூம் ஒன்றேகால், எதிர்பாராத செலவு ஐம்பதாயிரம். சின்னம்மாளுக்கு அன்று மூட்டு வலியே தெரியவில்லை.

மறுநாள் கொத்தனார் முருகேஷ் வந்து சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"பழைய வூடுங்க சார். தொட்டாத்தான் தெரியும்."

"தொட்டா என்னா தெரியும்?"

"அதையும் தொட்டாத்தாங்க சொல்ல முடியும்."

அன்று சாயங்காலமே எதிர்பாராத செலவு ஒன்றேமுக்கால் லட்சமாகி, பாத்ரூம் அழிந்தது. அதற்கப்புறம் பச்சியப்பன், பழைய வீட்டைத் தொட்டவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப்போய் விசாரித்தார். பொம்மிடியில் இருக்கும் மச்சான் மூன்று லட்சம் என்று தொட்டு ஆறில் வந்து நின்றிருந்தார். தொப்பூரில் ஓட்டல் வைத்திருப்பவர் ஒரே ஒரு விட்டத்தைத் தொட்டு, கடைசியில் மாடி கட்டியிருந்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் பலகையில் ஒரு வரி அழிந்தது. மூன்றாவது மாதம் பலகையில் மிச்சம் இருந்தது ஒரே வரி: எதிர்பாராத செலவு, எட்டு லட்சம்.

"இனிமே எது நடந்தாலும் பணம் இருக்குது" என்றார் பச்சியப்பன் நிம்மதியாக.

"நடக்கறதுக்குத்தான் ஒண்ணுமில்ல."

கூடவே ஒரு சட்டமும் வந்தது. சுவரை யாரும் தொடக்கூடாது, சாயக்கூடாது. காலண்டர் ஆணியிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தது. வந்தவர்கள் நின்றுகொண்டே காபி குடித்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சின்னம்மாள் இருபத்தொன்பதாவது தப்படியில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, வீக்கம்தான். டாக்டர், ஊசி, ஆட்டோ எல்லாம் சேர்ந்து அறுநூற்று நாற்பது ரூபாய். பச்சியப்பன் ஒரு கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். பலகையில் கழித்தும் எழுதினார். கட்டிலில் கால் நீட்டிப் படுத்தபடி சின்னம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டு வாங்க முடியாத பணம், விழுந்தால் உடனே வருகிறது.

இரண்டு நாள் கழித்து, வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து முருகேஷைக் கூப்பிட்டார்.

"முருகேசு, இந்தச் சொவுரு எதிர்பாராம வுழுவணும்னா எவ்ளோ ஆவும்?"

முருகேஷ் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "முழுசா வுழுவணுமாக்கா, வாசல் அளவுக்கா?"

"வாசல் அளவுக்கு. கதவு நெலவு வெக்கற மாதிரி நேரா வுழுவணும்."

"ரெண்டு ஆளு, அரை நாளு. பொதங்கெழம அரூர்ல கான்கிரீட் இருக்குது. வேயாழக்கெழம வுழலாங்க்கா."

வியாழக்கிழமை பொம்மிடி மச்சான் வீட்டில் காதுகுத்து. பச்சியப்பன் போனார். திரும்பும் வண்டி எப்படியும் ஒன்றரை மணி நேரம் தாமதமாகும் என்பது சின்னம்மாளின் கணக்கு. அன்றைக்கென்று பார்த்து அது சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது.

மூன்று மணிக்கு அவர் உள்ளே நுழைந்தபோது, முருகேஷும் இன்னொருவரும் தலை முதல் கால் வரை சுண்ணாம்பாக, கடப்பாரையோடு நின்றிருந்தார்கள். சுவரில் ஒரு தேங்காய் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை.

"என்னா நடக்குது இங்க?"

"சொவுரு வுழுவுதுங்க சார்."

"எதிர்பாராமலா?"

"ஆமாங்க. காலைல பதினோரு மணியிலருந்து."

பச்சியப்பன் மனைவியைப் பார்த்தார். சின்னம்மாள் தலை குனியவில்லை. வீங்கிய காலைக் கட்டிலில் இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்தார்.

"நாப்பத்திரெண்டு தப்படிங்க" என்றார்.

பச்சியப்பன் அந்தக் காலைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். நாலு மணி நேரம் தொட்டும் சுவரிலிருந்து புதிதாக எந்தச் செலவும் வெளியே வந்திருக்கவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டப் போனவர், ஆணியில் கை பட்டதும் திடுக்கிட்டு, பிறகு மாட்டியே விட்டார்.

"எத்தன மணிக்கு வுழும்?"

"அஞ்சுக்குள்ள வுழுந்துருங்க சார்."

சாக்பீஸை எடுத்தார். எதிர்பாராத செலவுக்குக் கீழே எழுதினார்: சுவர் விழுதல், பாத்ரூம் உட்பட, ஒன்றேகால் லட்சம். எதிர்பார்க்கும் நேரம் 17.00.

ஐந்துக்கு விழவில்லை. அழித்து 17.40 என்று எழுதினார். அதுவும் போயிற்று. கைகள் தானாக ஓடின. முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. கடைசிக் கல் விழும்போது மணி ஆறு பத்து. "எழுபது நிமிடம் தாமதம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சின்னம்மாள் சுவரைப் பிடித்தபடி எழுந்து, புழுதி அடங்காத அந்த வழியாக, வெளியே பாத்ரூமுக்குக் கயிறு கட்டி அடையாளம் வைத்திருந்த இடம் வரை எண்ணிக்கொண்டே நடந்தார்.

"நாலுன்னு போட்டோம். அஞ்சு ஆவுதுங்க."

"பழைய வூடு" என்றார் பச்சியப்பன். "போட்டதுக்கு மேல ஆவத்தான் செய்யும்."