லிஃப்ட்காரரின் தங்க அட்டை

சாப்பாட்டு மேசையை ஈரத்துணியால் துடைத்து, சீக்கிரம் காயட்டும் என்று கொஞ்சம் ஊதியும் விட்டு, கோடு போட்ட நோட்டை விரிக்கிறார் லிஃப்ட்காரர். பக்கத்தின் நடுவே அளவுகோல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் ‘வந்தது’, வலப்பக்கம் ‘போனது’. வலப்பக்கத்தில் எழுத ஒரே ஒரு வரிதான்: ஓட்டல் கார்டின் ஆண்டுக் கட்டணம், பன்னிரண்டாயிரம். அதை எழுதியதும் பேனாவை மூடிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறார். இடப்பக்கத்தை நிரப்பத் தெம்பு வேண்டும்.

குடியிருப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இருபத்தாறு வருஷமாக ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பழுது பார்ப்பவர். போகிற ஊரில் ஒரே நிறுவனத்தின் ஓட்டலில்தான் தங்குவார். கார்டில் கட்டிவிட்டு, பிறகு கம்பெனியிடம் வாங்கிக்கொள்வார். அறை வாடகை கம்பெனியுடையது, தங்கத் தங்கக் கார்டில் சேரும் சலுகைப் புள்ளிகள் அவருடையவை. ஐந்து வருஷத்துக்கு முன்பு இந்த ஏற்பாட்டில் அவரைச் சேர்த்துவிட்டவன் மனைவியின் தம்பி. “மாமா, வருஷத்துக்கு ஒரு ராத்திரி இலவசம், காலை சாப்பாடு இலவசம். கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க.” கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார். ஆள் சேர்த்துவிட்டதற்காக மச்சினனுக்குத் தனியாகப் புள்ளிகள் கிடைத்த விஷயம், கண்ணைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

ஓட்டலில் அவருக்கென்று சில பழக்கங்கள் உண்டு. லிஃப்டில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்பார். இறங்கி வந்து வரவேற்பில், “மூணாவது மாடில லேசா இழுக்குது. கதவு உருளை தேஞ்சிருக்கு, சொல்லி வைங்க” என்பார். அறை மட்டும் லிஃப்டுக்கு வெகுதூரத்தில் வேண்டும். ஏன் என்று கேட்டால், “டாக்டர் ஆஸ்பத்திரிலயா போய்த் தூங்குவாரு?” சோப்பை எடுத்துவர மாட்டார், அது அல்பம். ஆனால் ஊசிநூல் பொட்டலத்தை விடமாட்டார். வீட்டில் நாற்பத்தொரு பொட்டலங்கள் இருக்கின்றன. பட்டன் இல்லாத சட்டைகளும் இரண்டு இருக்கின்றன.

இந்த வருஷம் கணக்கு போடுவது கொஞ்சம் சிரமமாகிவிட்டது. முழங்கால் மடங்க மறுத்ததால் கம்பெனி அவரைத் தலைமை அலுவலகத்தில் ஒரு போன் முன்னால் உட்கார வைத்துவிட்டது. வெளியூரில் திணறுகிற மெக்கானிக்குகள் கூப்பிட்டால் வழி சொல்ல வேண்டும். பயணம் மொத்தமே மூன்று. இருந்தாலும் மனிதர் இடப்பக்கத்தை நிரப்பிவிட்டார். காலைச் சாப்பாடு, ஒன்பது நாள், நாளைக்கு ஆயிரத்து இருநூறு. மதியம் இரண்டு மணி வரை அறையை வைத்துக்கொள்ளும் சலுகை, இரண்டாயிரம். தண்ணீர் பாட்டில், ஆறு. இலவச இரவு ஒன்று, பதினைந்தாயிரம். கூட்டிப் பார்த்தபோது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி வேலையிலிருந்து வந்தார். அவர் மருந்தாளுநர். காலையிலிருந்து மருந்துக் கடையில் நின்றுகொண்டே டாக்டர்களின் கையெழுத்தைச் சந்தேகப்பட்டுவிட்டு வருபவர். பையைக்கூடக் கழற்றாமல் கணவரின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

“ஆயிரத்து இருநூறுக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“வெளில போட்டிருக்கிற விலை அதான்.”

“நான் விலையைக் கேக்கல. என்ன சாப்பிட்டீங்க?”

“ரெண்டு ரொட்டி. ஒரு முட்டை. ஒரு ஜூஸ்.”

“ஓசில குடுக்கலைன்னா கைக்காசு போட்டு அதை வாங்கியிருப்பீங்களா?”

லிஃப்ட்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். “தெருமுனைல டீயும் பன்னும் சாப்பிட்டிருப்பேன்.”

“அது எவ்வளவு?”

“நூறு.”

“அப்ப நூறுன்னு எழுதுங்க.”

எழுதினார். நூறு தடவை ஒன்பது, தொள்ளாயிரம். மனைவியின் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. “ரெண்டு மணி வரைக்கும் ரூம்லயா இருந்தீங்க?”

“நான் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிடுவேன். பெட்டி இருந்துச்சு.”

“பெட்டி படுத்துக்கிறதுக்கு ரெண்டாயிரமா?”

அந்த வரியும் போயிற்று. தண்ணீர் பாட்டிலைப் பற்றி மனைவி எதுவும் கேட்கவில்லை, சும்மா பார்த்தார். அதை அவரே அடித்துவிட்டார். மிஞ்சியது இலவச இரவு. மருந்தாளுநரின் கண் எதிலும் முதலில் தேடுவது காலாவதித் தேதியைத்தான். போனை வாங்கிப் பார்த்தார். முப்பதாம் தேதியோடு முடிகிறது. அன்று இருபத்திரண்டு.

“போன நாலு வருஷத்து ராத்திரியெல்லாம் எங்க போச்சு?”

முதல் வருஷத்தது மறந்தே போயிருந்தது. இரண்டாம் வருஷத்ததை மச்சினன் கேட்டு வாங்கிக்கொண்டான். மூன்றும் நான்கும், நல்ல ஊருக்குப் போகும்போது வைத்துக்கொள்ளலாம் என்று வைத்துவைத்தே வீணாயின.

“அப்ப இந்தப் பதினஞ்சாயிரத்தை நம்ம வீட்டுல யாரும் கண்ணால பாத்ததில்ல” என்றார் மனைவி. குரலில் கோபம் இல்லை. மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல்வதுபோல் சொன்னார். “கட்டணம் எடுக்கறதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க.”

லிஃப்ட்காரர் உடனே போன் போட்டார். ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, பாட்டுக் கேட்டு முடித்த பிறகு ஒரு பெண்ணின் குரல் வந்தது. “வணக்கம் சார். எங்க தங்க உறுப்பினரா இருக்கறதுக்கு நன்றி சார். நான் என்ன உதவி பண்ணட்டும் சார்?” நாற்காலியில் சரிந்திருந்தவரின் முதுகு நிமிர்ந்தது. “ஒண்ணுமில்லம்மா. கட்டணம் என்னிக்கு எடுப்பீங்கன்னு கேக்கத்தான்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் பேனா மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார்.

“லிஃப்ட் குழிக்குள்ள நின்னு வேலை செய்யறப்ப மேலேருந்து ஒரே ஒரு சத்தம்தான் வரும். ‘யோவ், இன்னும் எவ்வளவு நேரம்?’ அதே மாதிரி ஆளுங்க தங்கற ஓட்டலுக்கு நான் சாயங்காலம் போவேன். கிரீஸ் கறையோட. கார்டைப் பாத்ததும் அந்தப் பொண்ணு எழுந்து நிக்கும். அதை எந்தப் பக்கம் எழுதறதுன்னு தெரியல.”

மனைவி பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். “சனிக்கிழமை எனக்கு லீவு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு ரூம் போடுங்க.”

நல்ல ஊர் எதையும் தேட நேரமில்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷத்தில் அதே நிறுவனத்தின் ஓட்டல் ஒன்று இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் கார்டைப் பார்த்து எழுந்து நின்றாள். “இவங்க என் வீட்டுக்காரம்மா” என்று யாரும் கேட்காமலே சொன்னார். லிஃப்டில் கண்ணை மூடினார். மனைவியும் மூடிப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“ஒண்ணும் கேக்கலைன்னா நல்ல லிஃப்ட்.”

அறையில் அவர் சொந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல் காட்டினார். திரையை எந்தக் கயிறு இழுக்கும், வெந்நீர் வர எத்தனை நொடி ஆகும், எந்த விளக்குக்கு எந்தப் பொத்தான். மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, பாதங்களைத் தரைவிரிப்பில் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் சாப்பாட்டு அறையில் மருந்தாளுநர் கணவரை அசத்திவிட்டார். முதல் தட்டு, இரண்டாம் தட்டு. மூன்றாவதில் பழம் மட்டும். நான்காவது எதற்கு என்று கேட்க லிஃப்ட்காரருக்குத் தைரியம் வரவில்லை. “இப்ப எவ்வளவு எழுதலாம்?” என்று மட்டும் கேட்டார்.

“முன்னூறு” என்றார் மனைவி, வாயைத் துடைத்துக்கொண்டே. “ஜாம் நல்லா இல்ல.”

அறைக்குத் திரும்பியதும் “அஞ்சு நிமிஷம்” என்று சாய்ந்த மனைவி, ஐந்தாவது நிமிஷத்தில் லேசாகக் குறட்டை விட ஆரம்பித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவர் தூங்கி லிஃப்ட்காரர் பார்த்ததில்லை. ஒன்று இவர் ஊரில் இருக்கமாட்டார், அல்லது அவர் கடையில் நின்றுகொண்டிருப்பார். தூக்கத்தில் அந்த முகம் யார் கையெழுத்தையும் சந்தேகப்படவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து மணி வாக்கில் நடைக்கூடத்தின் கோடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. துப்புரவுப் பணிப்பெண்ணின் தள்ளுவண்டி. ஒவ்வொரு கதவிலும் நின்று, மறுபடியும் கிரீச்சிட்டுக்கொண்டு நெருங்கியது. மனைவி புரண்டு படுத்தார். லிஃப்ட்காரர் வெறுங்காலோடு எழுந்து போய்க் கதவை ஒருக்களித்தார்.

“ரூம் சுத்தம் பண்ணலாமா சார்?”

உதட்டில் விரல் வைத்து, உள்ளே தூங்குகிற மனைவியைக் காட்டி, “ரெண்டு மணிக்கும்மா” என்று கிசுகிசுத்தார். வண்டியை அப்படியே நிறுத்தச் சொல்லி ஜாடை செய்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, மடங்காத முழங்காலை ஒருபக்கமாக நீட்டி, தரைவிரிப்பில் மெல்ல உட்கார்ந்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சுண்டுவிரல் அளவு எண்ணெய்க் குப்பியை எடுத்து, முன்சக்கரத்தில் ஒரு சொட்டு விட்டார். சக்கரத்தை விரலால் சுற்றி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். இன்னொரு சொட்டு விட்டார்.