டாக்டருக்குச் சொல்லாத முருங்கைக்கீரை

அறுபதுகளின் நடுவில், சிவகாசியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது. என் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற வேலை. சீசனில் பட்டாசு லேபிள் அடிக்க நாள் முழுக்க நின்றே ஆகவேண்டும். ஒருநாள் வலது கால் வீங்கிவிட்டது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலில் ரத்தம் உறைந்திருக்கிறது, அது நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.

தலைவலித் தூள் கூடாது, சவரம் செய்யும்போது கவனம், பதினைந்து நாளுக்கொருமுறை ரத்தப் பரிசோதனை என்று நர்ஸம்மா அடுக்கிக்கொண்டே போனார். 'இளக்கும்' என்றதற்குப் பிறகு எதுவுமே என் காதில் ஏறவில்லை. இருக்கிற ரத்தத்தையும் தண்ணீராக்கிவிட்டால் மனுஷன் எப்படிப் பிழைப்பார்?

மாத்திரையை நிறுத்தவும் பயம். அதனால் ரத்தம் ஊறட்டும் என்று தினமும் முருங்கைக்கீரையில் இறங்கினேன். பொரியல், அடை, சாம்பார், கடைசியில் ரசத்தில்கூட. அவர் முகம் போன போக்கைப் பார்த்தும் நான் இரங்கவில்லை. அங்கே டாக்டரோ, மாத்திரை வேலை செய்யவில்லையே என்று ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்டினார். நானும் கீரையைக் கூட்டினேன்.

மூன்று மாதம் கழித்துத் தங்கை வளைகாப்புக்காகக் காரியாபட்டி போய் எட்டு நாள் தங்கிவிட்டேன். அவருக்கு மெஸ் சாப்பாடு. கீரைக்குத் தப்பிய சந்தோஷத்தில் இருந்திருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது தெருமுனைச் சலூனில் கூட்டம். உள்ளே என் வீட்டுக்காரர், மோவாயில் ரத்தம் தோய்ந்த துண்டு. "நான் கத்திய அழுத்தவே இல்லம்மா, படிகாரம் வச்சும் நிக்க மாட்டேங்குது" என்று அழாத குறையாக நின்றார் முடிதிருத்துபவர். என் வீட்டுக்காரருக்கு இரண்டு நாளாகவே சிறுநீர் சிவப்பாம். மெஸ் பீட்ரூட் என்று நினைத்தாராம். மெஸ்ஸில் பீட்ரூட்டே போடவில்லை என்பது அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. காலண்டர் லோடு ஏற்றிய லாரியைப் பிடித்து மதுரைக்கு ஓடினோம்.

ஊசி போட்ட பிறகு நர்ஸம்மா கேட்டார்: "வீட்டுல என்ன சாப்பாடு குடுத்தீக?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "தெனமும் முருங்கைக்கீரைதான். நீங்க இளக்க இளக்க, நான்தான் கெட்டியாக்கிட்டே வந்தேன். ஊருக்குப் போன எட்டு நாளுலதான் இப்படி ஆகிப்போச்சு!"

நர்ஸம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, கயிறு இழுக்கிற போட்டி மாதிரி நீங்க ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம் இழுத்திருக்கீக. நீங்க திடீர்னு கைய விட்டதும் அவுக உசுரு போகப் பாத்துச்சே!"

"அப்ப இப்பப் போட்ட ஊசி?"

"ரத்தத்த உறைய வைக்கிற சத்து, கீரையில இருக்கிறதேதான்."

அதைத்தானே நானும் கொடுத்தேன் என்று வாய்வரை வந்ததை, டாக்டர் வருவதைப் பார்த்து விழுங்கிவிட்டேன். கீரை கூடாது என்று அவர் சொல்லவில்லை. வாரத்துக்கு இத்தனை தடவை என்று ஒரே அளவாகக் கொடு, மாற்றினால் சொல்லிவிட்டு மாற்று என்றார்.

என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். பாசத்தில்தான் செய்தேன், பொய்யில்லை. ஆனால் அந்தப் பாசத்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தேனே, அதுதான் அவர் உயிரை எடுக்கப் பார்த்தது.