ரத்தப் பரிசோதனைக்கு நான் வைத்த வேண்டுதல்

வைரஸ் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, என் மகள் மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

முந்தாநாள் டாக்டர் சிஆர்பி என்று ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தார். "நுரையீரல் இன்னும் மோசமாகுமான்னு இந்த நம்பர் முன்கூட்டியே ஓரளவு சொல்லிடும்" என்றார். 48 என்று வந்தது.

பத்தாவதை இரண்டு முறை எழுதியவன் நான். நம்பர் என்றால் ஏறினால்தான் நல்லது என்பது என் கணக்கு. டாக்டரிடம் கேட்கக் கூச்சம். நேராக மலையேறி, "முருகா, நூறைத் தாண்ட வெச்சிடு, மொட்டை போட்டுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

இன்று காலை ரிசல்ட் 19. கட்டில் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா நைனா, அழுதுகினு கீற?" என்றாள் மகள்.

"பாதிக்கு மேல கொறைஞ்சிடுச்சும்மா."

டாக்டர் சிரித்துவிட்டார். "கொறையறதுதாங்க நல்லது. மூச்சும் சீராயிடுச்சு. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிகினு போங்க."

அப்போதுதான் வேண்டுதல் விஷயத்தைச் சொன்னேன். மகள் சிரித்துச் சிரித்து இருமினாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "நல்லவேளை, நீங்க சொன்னத அவரு காதுல போட்டுக்கல" என்று மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

இப்போது ஒரே சந்தேகம். நான் கேட்டதை முருகன் கொடுக்கவில்லை. மொட்டை உண்டா, இல்லையா?

மனைவியோ, "கொறைச்சதுக்கு ஒண்ணு, உங்க பேச்சைக் கேக்காததுக்கு ஒண்ணு, ரெண்டு மொட்டை" என்கிறாள்.

என் தலையில் இருப்பது ஒன்றுக்கே காணாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.