ஏழில் வைத்த வெளிச்சம்

அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கேமராக்கா என்பதே பெயராகிவிட்டது. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டுக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அறிக்கை எழுதித் தருகிற அலுவலகம் அது. அறிக்கை எழுதுகிறவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். வண்டி கிடக்கிற இடத்துக்கெல்லாம் போய், எது நசுங்கியது, எது தப்பித்தது என்று படம் எடுத்து வருவது அவள் வேலை. குப்புறக் கவிழ்ந்த லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துப் படம் எடுத்திருக்கிறாள். மழையில் குடையைக் கேமராவுக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்திருக்கிறாள். இத்தனைக்கும் மாதக் கடைசியில் பாராட்டு யாருக்கென்றால், அறிக்கையில் கையெழுத்துப் போட்டவருக்கு. ஆபீஸ் என்றால் அப்படித்தான்.

ஒரு காலத்தில் அவள் கொண்டுவரும் கேமராவின் மெமரி கார்டைப் பார்க்கவே அழகாக இருக்கும். வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு படம், அதற்குமேல் ஒன்று இருக்காது. அந்த இடத்திலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். ஆடிப்போனது, ஒரே மாதிரி இருப்பது, தன் நிழல் விழுந்தது எல்லாவற்றையும் தயவுதாட்சண்யம் பார்க்காமல் அழித்துவிடுவாள். முக்கியமான படத்துக்கு லாக் போடுவாள். படத்தின் மூலையில் சின்னதாக ஒரு சாவி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு கை தவறி டெலீட் பட்டனை அமுக்கினாலும் அந்தப் படம் போகாது. கார்டை மொத்தமாகத் துடைக்கிற ஃபார்மட் ஒன்றுக்கு மட்டும் அந்தச் சாவி செல்லாது. அதனால் மெனுவில் அந்த வரிப் பக்கமே அவள் போவதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அங்கேயே கார்டைத் துடைப்பது அவள் தம்பியின் வேலை.

தம்பியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அவனை ஆளாக்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது தள்ளியே போய்விட்டது. படிப்பு முடித்துவிட்டு அவன் வேலையில்லாமல் சுற்றியபோது, மேனேஜரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அதே அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். அவள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். மூன்று வேளையும் அவள் கையால்தான் சாப்பிட்டான். வெளியே போய்ப் படம் எடுக்கிறவர்களுக்குச் சம்பளமும் கூட, ஊர் சுற்றுகிற சுகமும் உண்டு என்று அவன் அவ்வப்போது சொல்வான். அவள் அதைத் தம்பியின் விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் கண் மக்கர் பண்ண ஆரம்பித்தது. வெயிலில் எல்லாம் தெரிந்தது. நிழலுக்குள் போனால்தான் வம்பு. ஷெட்டுக்குள் நிற்கிற வண்டியில் கதவு எங்கே முடிகிறது, சக்கரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது இப்படியே மெல்ல மெல்லச் சுருங்கும், கண்ணாடி போட்டாலும் நிற்காது என்றார். அவள் பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தாள், சமைத்தாள், தம்பிக்குப் போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கேமராவின் திரைக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை வெளிச்சம் உண்டு. வாங்கியதிலிருந்து அது நான்கில்தான் இருந்தது. ஒருநாள் அதை ஏழுக்கு ஏற்றினாள். ஷெட்டின் இருட்டிலும் திரை பளிச்சென்று எரிந்தது. தன் கண்ணால் பார்க்க முடியாத பள்ளத்தைத் திரையில் பார்த்தாள். அங்கேயே நின்று அழுதுவிட்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அன்றிலிருந்து அது ஒரு திருட்டு வேலையாக நடந்தது. காலையில் கேமராவை எடுத்ததும் மெனு, ஓகே, வலது பக்கம் மூன்று தட்டு, மறுபடி ஓகே. வெளிச்சம் ஏழுக்கு வந்துவிடும். சாயங்காலம் அலமாரியில் வைக்கும் முன்பு இடது பக்கம் மூன்று தட்டு. கடைசியாக நின்ற வரியிலேயே மெனு திறக்கும் என்பதால் எழுத்தைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. விரலே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் திரைக்கு ஏற்றிய வெளிச்சம் படத்தில் ஏறுமா? திரையில் பளபளவென்று இருந்த படம் கம்ப்யூட்டரில் கும்மிருட்டாக வந்தது. இது தெரியாதவள் இல்லை அவள். தெரிந்தே வேறு வழியில்லாமல், ஒன்று எடுக்கிற இடத்தில் ஆறு எடுத்தாள். அழிப்பதை விட்டுவிட்டாள். எது நல்லது, எது கெட்டது என்று தன் கண்ணை நம்பி முடிவு செய்யப் பயம். பன்னிரண்டு படத்தில் முடிந்த வண்டி அறுபதில் வந்து நின்றது. அதற்குள் உருப்படியாகப் பத்தாவது தேறிவிடும் என்று ஒரு நப்பாசை. “என்னக்கா, கல்யாண ஆல்பமா?” என்று தம்பி கேட்டபோது சிரித்து மழுப்பினாள்.

எரிந்துபோன வேன் ஒன்றைப் பார்க்கப் போன நாளில் மேனேஜரும் கூட வந்தார். பெரிய தொகை, அதனால் நாற்காலி எழுந்துவிட்டது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு தம்பியும் வந்தான். வேன் ஒரு பழைய கிடங்கின் உள்ளே நின்றது. கரியின் மேல் கரி. அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்தாக வேண்டும். அது இல்லாமல் எந்த வண்டி எரிந்தது என்று எவன் நம்புவான்?

“அக்கா, பேட்டரி கம்மியா இருந்துச்சே நேத்து. குடு, பாத்துட்டுத் தரேன்” என்று தம்பி கேமராவை வாங்கினான். கிடங்கின் வாசலில் நின்று ஏதோ தட்டினான். “இருக்குக்கா, போதும்” என்று திருப்பிக் கொடுத்தான்.

அவள் குனிந்து வேனுக்கு அடியில் கேமராவை நீட்டினாள். திரையில் ஒன்றுமே இல்லை. லென்ஸ் மூடியிருக்கிறதோ என்று தொட்டுப் பார்த்தாள், திறந்துதான் இருந்தது. மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நின்று, “என்னம்மா, நம்பர் தெரியுதா?” என்றார்.

“தெரியுது சார்… இதோ.”

கண் மொத்தமாகவே போய்விட்டதா? அதுவும் இன்றைக்கா? விரல் பழக்கத்தில் ஓடியது. மெனு, ஓகே, வலது பக்கம் மூன்று தட்டு, ஓகே. திரை வெளுக்கவில்லை. கேமரா கொஞ்ச நேரம் முனகிக்கொண்டு நின்றது. அவள் மறுபடி அதையே செய்தாள்.

“எடுத்தாச்சா? காட்டுங்க” என்று மேனேஜர் கேமராவை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “கார்டுல படமே இல்லைன்னு வருது?”

மெனு அன்று வெளிச்ச வரியில் திறக்கவில்லை. நாலு வரி தள்ளி, ஃபார்மட்டில் திறந்திருந்தது. அங்கே வலது பக்கம் தட்டினால் ‘வேண்டாம்’ என்பதிலிருந்து ‘சரி’க்குப் போகும். ஓகே கொடுத்தால் துடைத்துவிடும். துடைத்துவிட்டது. முந்தின இரண்டு நாள் படங்களும், சாவி போட்டதும் போடாததும், எல்லாமே போயிற்று. அதில் ஒரு வாத்தியாரம்மாவின் கார் இருந்தது. அந்தக் கார் அன்று காலையில்தான் பழைய இரும்புக் கடையில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. இனி அதைப் படம் எடுக்க வேண்டுமென்றால் தராசுத் தட்டில்தான் எடுக்க வேண்டும்.

மேனேஜர் கத்தியதையெல்லாம் எழுத வேண்டாம். அடுத்த வாரம் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், முடிவு வந்தது, குட்டு உடைந்தது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு நாளா என்று ஆளாளுக்கு வாயில் கை வைத்தார்கள். வாத்தியாரம்மா வாசலில் வந்து நின்று, “என் வண்டிக்கு யாருங்க பதில் சொல்லுவாங்க?” என்று கேட்டபோது, கேமராக்கா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கும்பிட்டாள். தன் விரல்தான் சறுக்கியது என்று நம்பினாள். தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, தூங்காமல் புரண்டாள். தம்பி அவளுக்கு ஆறுதல் சொன்னான். “விடுக்கா, வயசாச்சுல்ல” என்றான். அவனுக்கு அவள் இடம் கிடைத்தது. நமக்குள்தானே இருக்கிறது என்று அதிலும் ஒரு திருப்தி அவளுக்கு. எவ்வளவு பைத்தியக்காரி!

வழியனுப்பு நாளில் ஒரு சால்வை போட்டார்கள். எல்லாரையும் சேர்த்து நிற்க வைத்துத் தம்பிதான் படம் எடுத்தான். எடுத்துவிட்டு அவளிடம் வந்தான். கேமராவைக் கொடுப்பதற்கு முன்னால் அவன் கட்டைவிரல் ஓடியது. மெனு, ஓகே, வலது பக்கம் மூன்று தட்டு, ஓகே. திரை பளிச்சென்று எரிந்தது.

“இப்பத் தெரியுதாக்கா?” என்றான். நிஜமான பாசத்தோடுதான் கேட்டான்.

படம் நன்றாகத்தான் தெரிந்தது. நடுவில் சால்வையோடு அவள், சுற்றிலும் சிரிக்கிற முகங்கள். அவள் கண் போனது ஊருக்கே தெரியும். வெளிச்சத்தை ஏழுக்கு ஏற்றிப் பார்த்தது அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. எத்தனை தட்டு என்பது சத்தியமாகத் தெரியாது. பேட்டரி பார்க்கிறேன் என்று அவன் கிடங்கு வாசலில் நின்றது அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது.

எல்லாரும் டீ குடிக்கப் போனதும் அவள் கேட்டாள்.

“வேன் பாக்கப் போன அன்னைக்கு நீதானே வெளிச்சத்தக் குறைச்ச?”

அவன் இல்லையென்று சொல்லவில்லை. அந்த ஒரு மரியாதையைச் செய்தான்.

“ஒன்னுல வச்சேன். கார்டு எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு அந்த ஃபார்மட் பக்கத்துல பாத்தேன், வெளிய வந்துட்டேன். அவ்வளவுதான். நான் ஒரு படத்தைக்கூட அழிக்கலை. அழிச்சது நீ.”

அது உண்மை.

“எப்போலேருந்து தெரியும் உனக்கு?”

“ஆறு மாசமா. படம் பூரா கருப்பா வந்தா கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியாதா? சாயங்காலம் அலமாரிகிட்ட நின்னு நீ மூணு தட்டு தட்டுறதையும் பாத்தேன். நேரா மேனேஜர்கிட்ட சொன்னா, கூடப் பொறந்தவளைக் காட்டிக் குடுத்தான்னு பேர் வரும். அதுவா தெரிஞ்சா நல்லதுன்னு நெனச்சேன். நீ என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“நீ என்னைக் கேட்டிருக்கலாமேடா.”

அவன் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். டீ ஆறிப்போகும் என்றான்.

சாயங்காலம் வழக்கம்போல மாடியிலிருந்து இறங்கிவந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். வழக்கம்போல அவளும் தட்டு வைத்தாள். அவன் பாட்டுக்குப் புது வேலையைப் பற்றிப் பேசினான். நாளைக்கு ஒரு டிராக்டர், மறுநாள் இரண்டு பைக். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரை அவள் வாய் திறக்கவில்லை. பசித்த வயிற்றோடு அவனை ஒருநாளும் எழுப்பியதில்லை, இன்றைக்கு மட்டும் எதற்கு?

அவன் கை கழுவிவிட்டு வந்ததும் சொன்னாள். “மாடி ரூம் சாவியை வச்சுட்டுப் போ. சாமான இந்த வாரத்துக்குள்ள எடுத்துக்க.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. “என்னக்கா பேசுற? கண்ணு இப்படி இருக்குறப்ப தனியா என்ன பண்ணுவ?”

“லைட்டப் போட்டுக்குவேன்.”

“வெளையாடாத. இன்னும் ரெண்டு வருஷத்துல உனக்கு லைட்டும் தெரியாது.”

“அப்ப அணைச்சுடுறேன். கரண்டாவது மிச்சமாகும். சாவியை வை.”

சாவி மேசையில் விழுந்த சத்தம் கேட்டது. அவள் கையை நீட்டினாள். தண்ணீர்க் குவளை தட்டுப்பட்டது. கொஞ்சம் தள்ளித் தடவினாள், அவன் சாப்பிட்ட தட்டு. சாவி அவன் பக்கத்து விளிம்பில் கிடந்தது. போகிறபோது அவன் அதை அரை அடி நகர்த்தியிருந்தால் போதும். அவன் வாசற்படியில் நின்று, அவள் தடவுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.